கோலாலம்பூரில் கேம் செய்து பிழைக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன தீபாவளிக்கு பட்டர்வொர்த் போயிருந்தபோது மாமா ஒருவர் முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே, "நீ இன்னும் அந்த கேம் வேலைதான் செய்யிறியா, இல்ல நல்ல வேலை கிடைச்சிடுச்சா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் அவர் மகன் வாட்ஸ்அப்பில் ஏழு கேள்வி அனுப்பிவிட்டான். அப்புறம் அவன் நண்பர்கள், அவர்களுடைய அம்மாக்கள், ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து விரல் வலிக்கிறது. அதனால் மொத்தத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

என்னைப் பற்றி ரெண்டு வரி: பதின்மூன்று வருடமாக கோலாலம்பூரில் இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதல் ஆறு வருடம் வெளிநாட்டுக் கேம்களுக்கு ஓவிய வேலை செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில். இப்போது நான்கு பேராகச் சேர்ந்து ஒரு சின்ன ஸ்டூடியோ. பணக்காரன் ஆகவில்லை. ஓடியும் போகவில்லை.

மலேசியாவில் உண்மையிலேயே கேம் தயாரிக்கிறார்களா?

நிறைய. 2006-இல் தொடங்கிய லெமன் ஸ்கை, அமெரிக்காவின் பிளிஸார்ட் நிறுவனத்தின் ஸ்டார்கிராஃப்ட் ரீமாஸ்டர்டுக்கு ஓவிய வேலை செய்த நிறுவனம். பேஷன் ரிபப்ளிக் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் பிறந்து இங்கே வந்து காலூன்றிய ஸ்ட்ரீம்லைன் இருக்கிறது. பெல்ஜியத்தின் லாரியன், பால்டர்ஸ் கேட் 3 செய்தவர்கள், அவர்களுக்கு கோலாலம்பூரில் ஒரு ஸ்டூடியோ உண்டு. ஜப்பானின் பண்டாய் நாம்கோ வந்திருக்கிறது. சோனியும் 2020-இல் இங்கே பிளேஸ்டேஷன் ஸ்டூடியோ ஒன்றைத் திறந்தது. உங்கள் வீட்டு டிவியில் பிள்ளை விளையாடும் பெரிய கேமில் ஏதோ ஒரு வாள், ஒரு கதவு, ஒரு பாறை கோலாலம்பூரின் பங்சார் சவுத் பக்கம் யாரோ உட்கார்ந்து செய்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அப்படியென்றால் ஏன் நமக்கு ஒரு பெயரும் தெரியவில்லை?

பெரும்பாலும் நாம் செய்வது அடுத்தவர் கேமின் பாகங்களை. இதை விளக்க எனக்கு என் அம்மா கதைதான் வசதி.

அம்மா பினாங்கின் பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் இருபத்தி இரண்டு வருடம் வேலை செய்தவர். காலை ஷிஃப்ட்டுக்கு ஃபேக்டரி பஸ் ஐந்தரைக்கே வந்துவிடும். அங்கே சுதந்திர வர்த்தக வட்டாரம் 1972-இல் தொடங்கியது, இன்டெல் வந்ததும் அதே வருடம். அம்மா கையில் நாள் முழுக்க ஆயிரக்கணக்கான சில்லுகள் போகும், ஆனால் அவை எந்தப் பெட்டிக்குள் போய் உட்காருகின்றன என்று அவருக்குத் தெரியாது, பெட்டிமேல் இருக்கும் பெயர் அமெரிக்காக்காரனுடையது. நான் முதல் வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஒரே கேமுக்குக் குதிரைச் சேணமும் பீப்பாயும் செய்துகொண்டிருந்தபோது வீட்டில் போய், "அம்மா, நானும் உங்க ஃபேக்டரிலதான் இருக்கேன், ஏர்கான் மட்டும் கொஞ்சம் கூட" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "ஓவர்டைம் குடுக்கிறானா?" என்று கேட்டார். கொடுக்கவில்லை.

ஆனால் பினாங்கு கதை அங்கேயே நிற்கவில்லை, இதைத்தான் நான் எல்லோரிடமும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெறும் பொருத்தும் வேலையில் தொடங்கிய இடத்தில் 1990களில் சில்லு வடிவமைப்பு வேலையே வந்துவிட்டது. வெளிநாட்டு ஃபேக்டரிகளில் கை பழகிய பொறியாளர்கள் வெளியே வந்து சொந்தமாகத் தொடங்கினார்கள், 2000-இல் பிறந்த விட்ரோக்ஸ் நிறுவனம் அப்படி வந்ததுதான். இருபது, முப்பது வருடம் பிடித்தது. அடுத்தவர் வேலையைச் செய்து கொடுப்பது கேவலம் இல்லை, சம்பளமும் பழக்கமும் அதில்தான் வருகிறது. அதிலேயே உட்கார்ந்துவிட்டால் மட்டும்தான் பிரச்சினை. பாகம் செய்தவனுக்குக் கூலி ஒரு தடவை. கேம் யாருடையதோ அவருக்குப் பத்து வருடத்துக்கு விற்பனை, பொம்மை, அடுத்த பாகம், எல்லாம்.

மலேசியர்களின் சொந்தக் கேம்கள் என்று எதைச் சொல்வீர்கள்?

எல்லாவற்றையும் பட்டியல் போட எனக்குப் பொறுமை இல்லை, பாடம் இருக்கிற சிலவற்றைச் சொல்கிறேன்.

நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ், 2020-இல் வந்தது. ஜப்பானில் ஃபைனல் ஃபேண்டஸி 15-இல் வடிவமைப்பாளராக வேலை பார்த்த வான் ஹஸ்மர் ஊருக்குத் திரும்பி வந்து 2017-இல் மெட்ரோனோமிக் என்ற ஸ்டூடியோவைத் தொடங்கிச் செய்தது. பாயான் லெப்பாஸ் பொறியாளர் கதையேதான், ஊர் மட்டும் வேறு.

கிகாபாஷ், 2022. பெரிய பெரிய அரக்கர்கள் நகரத்தை மிதித்துச் சண்டை போடுவார்கள். இதைச் செய்தது பேஷன் ரிபப்ளிக் ஆட்கள், அதாவது வெளிநாட்டுக்கு ஓவிய வேலை செய்து சம்பாதித்த அதே வீடு. அவுட்சோர்ஸ் காசில் சொந்தக் கேம் வளர்க்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது கைகான் கேம்ஸ் 2017-இல் வெளியிட்ட சிமுலாக்ரா. காணாமல் போன ஒரு பெண்ணின் கைப்பேசி உங்களிடம் கிடைக்கிறது, அதன் மெசேஜ், படம், வீடியோ எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்து என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். கேமே கைப்பேசித் திரைதான். முப்பரிமாண நகரம் இல்லை, குதிரை இல்லை, பீப்பாய் இல்லை! கையில் காசு குறைவு என்பதை மறைக்காமல் அதையே வடிவமாக்கியவர்கள்.

கைப்பேசிப் பக்கம் குரேச்சியின் போஸ்ட்நைட் இருக்கிறது, வயசான ஆளுக்கும் பிடிக்கும், பஸ்ஸில் விளையாடலாம்.

சரி, காசு எப்படி? சொந்தக் கேம் விற்றால் எவ்வளவு வரும்?

இந்தக் கேள்விக்குத்தான் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை, ஏனென்றால் பதில் வயிற்றைக் கலக்கும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், எண்கள் நான் வைத்துக்கொண்டவை, நீங்கள் உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

கேம் விலை 10 டாலர். ஸ்டீமில், அதாவது கணினிக் கேம் விற்கும் இணையக் கடையில், 1,000 பிரதி விற்கிறது. மொத்தம் 10,000. தள்ளுபடி நாட்களில் குறைந்த விலைக்குப் போனது, வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தது, அந்தந்த நாட்டு விற்பனை வரி எல்லாம் போக 7,000 என்று வையுங்கள். அதில் ஸ்டீம் 30 விழுக்காடு எடுத்துக்கொள்ளும், மிச்சம் 4,900. இதுவரை எல்லோருக்கும் தெரியும்.

தெரியாதது அடுத்து வருவது. அமெரிக்காவில் விற்றதில் உங்கள் பங்குக்கு அமெரிக்க அரசாங்கம் வரி பிடிக்கும். மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் முழுமையான இரட்டை வரி ஒப்பந்தம் கிடையாது, அதனால் நமக்குப் பிடிப்பது முழு 30 விழுக்காடு. இந்தோனேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் மூன்றுக்கும் ஒப்பந்தம் உண்டு, அவர்களுக்குக் குறைவு. இந்தோனேசியாவின் சுராபாயாவில் ஒருவனும் நம்ம சுபாங்கில் ஒருவனும் ஒரே கேமை ஒரே எண்ணிக்கையில் விற்றாலும் சுபாங்காரன் கைக்குக் குறைவாகத்தான் வரும். தொழிலை வளர்க்கிறோம் என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் யாரும் இதை எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. உங்கள் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்கா என்றால் இன்னும் ஒரு 490 டாலர் போகும். கையில் 4,410.

ஒரு டாலர் 4 வெள்ளி (ரிங்கிட்) 20 காசு என்று போட்டால் 18,500 வெள்ளி. நான்கு பேர், இரண்டு வருட உழைப்பு. ஆளுக்கு மாதம் 200 வெள்ளிகூட இல்லை. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. அந்த 1,700-ஐ நான்கு பேருக்கும் இரண்டு வருடம் கொடுக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 9,000 பிரதி விற்க வேண்டும், அதுவும் வாடகை, கரண்ட், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) எதையும் சேர்க்காமல்.

இதைப் படித்துவிட்டு வேண்டாம் என்று ஓடுகிறவர்கள் ஓடலாம், தப்பில்லை. நாங்கள் கண்டுபிடித்த வழி: வாரத்தில் மூன்று நாள் வெளிவேலை, இரண்டு நாள் சொந்தக் கேம். கேமை இரண்டு வருடம் இழுக்காமல் எட்டு, பத்து மாதத்தில் முடிக்கிற அளவுக்குச் சின்னதாக வைப்பது. மேலே உள்ள கணக்கில் 24-ஐ 8 ஆக்கிப் பாருங்கள், உடனே மூச்சு வரும்.

பப்ளிஷர் (கேமுக்குக் காசு போட்டு வெளியிட்டு விற்கிறவர்) முன்பணம் கொடுத்தால் கவலை இல்லைதானே?

கவலை இடம் மாறும், அவ்வளவுதான். எங்கள் முதல் கேமுக்கு வெளிநாட்டு பப்ளிஷர் ஒருவர் கிடைத்தார். பெயர் சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்தில் "செலவு முழுக்க வசூலான பிறகு லாபம் பாதிப் பாதி" என்று இருந்தது. செலவு என்றால் எங்களுக்குக் கொடுத்த முன்பணம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டோம். அவர்களுக்குச் செலவு என்றால் விளம்பரம், மொழிபெயர்ப்பு, கண்காட்சிக்குப் போன விமான டிக்கெட், அங்கே சாப்பிட்டது எல்லாம். அதற்கு உச்சவரம்பு எதுவும் எழுதவில்லை. கேம் சுமாராக விற்றது, எங்களுக்கு முன்பணத்துக்கு மேல் ஒரு காசு வரவில்லை. சட்டப்படி அவர்கள் மேல் தப்பில்லை, படிக்காமல் போட்டது நாங்கள்.

அதனால் மூன்று விஷயம் பாருங்கள். செலவுக்கு உச்சவரம்பு இருக்கிறதா, கேமின் உரிமை யாரிடம் இருக்கிறது, எத்தனை வருடத்தில் அது உங்களிடம் திரும்பும். வக்கீலுக்கு ஒரு தடவை காசு கொடுங்கள். நண்பனின் அக்கா வக்கீல் என்றால் அவரிடம் போங்கள், ஆனால் வீட்டு மனை பத்திரம் பார்க்கிறவரிடம் போகாதீர்கள்.

அரசாங்க உதவி கிடைக்குமா?

கிடைக்கும், மற்ற பல தொழிலைவிட இதற்குக் கொஞ்சம் நன்றாகவே கிடைக்கிறது. எம்டெக் என்கிற மலேசிய இலக்கவியல் பொருளாதாரக் கழகம்தான் வாசல். இலக்கவியல் உள்ளடக்க மானியம் அவர்கள் வழியாக வருகிறது. 2015-இலிருந்து லெவல் அப் கேஎல் என்ற மாநாட்டையும் நடத்துகிறார்கள், பப்ளிஷர்கள் பறந்து வந்து உங்கள் கேமை அரை மணி நேரம் பார்ப்பார்கள். மாணவராக இருந்தால்கூட ஒரு தடவை போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எச்சரிக்கை ஒன்று. மானியம் என்பது ஒரே நாளில் பெட்டியோடு வந்து இறங்குகிற காசு இல்லை. கட்டம் கட்டமாக வரும், ஒவ்வொரு கட்டத்துக்கும் கணக்கு, ரசீது, அறிக்கை. நிறுவனப் பதிவு சரியாக இருக்க வேண்டும், கணக்கு தணிக்கை ஒழுங்காக இருக்க வேண்டும். எங்களில் ஒருத்தி மாதத்தில் ஒரு வாரம் முழுக்க இதற்கே உட்காருகிறாள், நல்ல கோடர் அவள், வீணாகிறதே என்று வயிறு எரியும். இன்னொன்று, மானியத்தைக் குறிவைத்துக் கேம் செய்யாதீர்கள். அதிகாரிக்குப் பிடிக்கிற கேமும் ஸ்டீமில் வாங்குகிறவனுக்குப் பிடிக்கிற கேமும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

பக்கத்து நாடுகள் எப்படி? நாம் பின்தங்கி இருக்கிறோமா?

சிங்கப்பூர் பெரிய மீனைப் பிடித்தது. பிரான்சின் பெரிய கேம் நிறுவனமான யூபிசாஃப்ட் 2008-இலேயே அங்கே போய்விட்டது. வாடகையும் சம்பளமும் அங்கே வானத்தில் இருப்பதால் சின்ன ஸ்டூடியோக்களுக்கு மூச்சு முட்டும்.

நான் பொறாமைப்படுவது இந்தோனேசியாவைப் பார்த்து. அங்கே தோகே புரொடக்ஷன்ஸ் 2020-இல் காஃபி டாக் என்று காப்பிக் கடை கேம் ஒன்றை வெளியிட்டது, நன்றாகப் போனது. அவர்கள் அதோடு நிற்காமல் மற்றவர் கேம்களையும் வெளியிடத் தொடங்கினார்கள். சுராபாயாவின் மொஜிகென் செய்த எ ஸ்பேஸ் ஃபார் தி அன்பவுண்ட், 2023-இல் அவர்கள் வழியாகத்தான் வந்தது. முழுக்க முழுக்க 90களின் இந்தோனேசியச் சின்ன ஊர் ஒன்றில் நடக்கிற கதை, உலகம் முழுக்க விளையாடினார்கள். நம்மிடம் திறமைக்குக் குறையில்லை. ஊர்க்காரன் கேமை ஊர்க்காரனே எடுத்து வெளியில் விற்கிற ஆள் நம்மிடம் போதவில்லை. வட்டாரத்தில் ஒரு தொழில் நிற்க வேண்டுமென்றால் கேம் செய்கிறவர்கள் மட்டும் போதாது. விற்கத் தெரிந்தவர், ஒப்பந்தம் எழுதத் தெரிந்தவர், ஆறு மொழிக்கு மொழிபெயர்க்கிறவர், இசைக்காரர், எல்லோரும் பக்கத்துத் தெருவில் இருக்க வேண்டும். பினாங்கில் சில்லுத் தொழில் நின்றதும் அப்படித்தான், பெரிய ஃபேக்டரியைச் சுற்றி அச்சு செய்கிறவன், திருகாணி செய்கிறவன் என்று நூறு சின்னக் கடை முளைத்தது.

எங்கே படிக்கலாம்?

சைபர்ஜெயாவில் மல்டிமீடியா பல்கலைக்கழகம், புக்கிட் ஜாலில் பக்கம் ஏபியு, கிளென்மேரியில் யூஓடபிள்யூ மலேசியா (பழைய கேடியு), ஓவியம் என்றால் தி ஒன் அகாடமி. இதெல்லாம் பெயர் கேள்விப்பட்ட இடங்கள். தனியார் என்றால் கட்டணம் கனமாக இருக்கும். பிடிபிடிஎன் என்கிற அரசாங்கக் கல்விக் கடனைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வருகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் சான்றிதழைக் கடைசியில்தான் பார்ப்பேன், சில சமயம் பார்க்கவே மாட்டேன். முடித்த வேலை இரண்டு மூன்று இருக்க வேண்டும். சின்னதாக இருந்தாலும் முடிந்திருக்க வேண்டும். "இது எங்கள் மூன்றாம் வருட புராஜெக்ட், இன்னும் பத்து விழுக்காடு பாக்கி" என்று ஒன்பது பேர் காட்டுவார்கள், பத்தாவது ஆள் ஒரே ஒரு நிமிடம் ஓடுகிற கேமைக் கொண்டுவந்து கையில் கொடுப்பான். அவனைத்தான் எடுப்போம்.

கணினி அறிவியல் பொதுவாகப் படித்துவிட்டுக் கேம் பக்கம் வருவதும் நல்ல வழி. இந்தத் தொழில் கைவிட்டால் வங்கிக்குப் போகலாம். அம்மா அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், அவர்களுக்குத் தூக்கம் வரும்.

எந்த என்ஜினில் (கேம் செய்யும் மென்பொருளில்) தொடங்குவது? யூனிட்டியா, அன்ரியலா?

தொடங்குகிறவர் கோடோவில் தொடங்கலாம், இலவசம், யாருக்கும் பங்கு கிடையாது. அன்ரியலில் 10 லட்சம் டாலர் சம்பாதித்த பிறகுதான் 5 விழுக்காடு, அந்தக் கவலை நமக்கு வரட்டும், வரவேற்போம். யூனிட்டி 2023 செப்டம்பரில் கேமை ஒவ்வொரு தடவை நிறுவும்போதும் காசு என்று அறிவித்து உலகம் முழுக்கத் திட்டு வாங்கி, ஒரு வருடம் கழித்து அதைக் கைவிட்டது. ஆனால் இங்கே கைப்பேசிக் கேம் வேலைகளுக்கு யூனிட்டிதான் அதிகம் கேட்கிறார்கள். ஒன்றை ஒழுங்காகப் பழகினால் இன்னொன்றுக்குத் தாவ இரண்டு மாதம் போதும். இதில் சண்டை போட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள்.

தமிழில் கேம் செய்ய முடியாதா? யாருமே ஏன் செய்வதில்லை?

இது எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் எழுத்துச் சிக்கல். தமிழில் "கொடி" என்று எழுதினால் ஒற்றைக்கொம்பு க-வுக்கு முன்னால் போக வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். கணினிக்குள்ளே க முதலில், உயிர்க்குறி அப்புறம் என்றுதான் வரிசை இருக்கும். திரையில் காட்டும்போது இடம் மாற்றி அடுக்க ஒரு நிரல் வேண்டும். யூனிட்டியில் பல வருடமாக எல்லோரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ்புரோ என்ற எழுத்து காட்டும் கருவி அந்த வேலையைச் செய்யாது. கொம்பு தனியாகப் பின்னால் போய்த் தொங்கும், பார்க்கவே கண்றாவி. பழைய எழுத்துருக் குறியீட்டுக்கு மாற்றி ஏமாற்றுகிற தந்திரங்கள் உண்டு, நாங்களும் அப்படித்தான் சமாளித்தோம். அன்ரியலில் இந்தப் பிரச்சினை இல்லை. கோடோவிலும் 2023-இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து தமிழ் ஒழுங்காக வருகிறது. எனவே தமிழ்க் கேம் என்று முடிவெடுத்தால் என்ஜின் கேள்விக்கு என் பதில் இன்னும் சுலபம்.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் என்னவென்றால், கணினியில் தமிழ் எழுதும் வேலையில் இந்த நாட்டுக்காரர் முத்து நெடுமாறன் 80களிலேயே முரசு அஞ்சல் மென்பொருளைத் தொடங்கிவிட்டார். 2005-இல் கைப்பேசிக்குச் செல்லினம் கொண்டுவந்தார். ஆப்பிள் கணினிக்குள் இருக்கும் இணைமதி எழுத்துரு அவர் செய்தது. அதே நாட்டில் இருந்துகொண்டு நம்மால் ஒரு கேமில் "கொடி" என்று ஒழுங்காகக் காட்ட முடியவில்லை என்றால் யாரைக் குறை சொல்வது?

அடுத்து சந்தை. தமிழ் மட்டும் தெரிந்து, ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாமல், கேமுக்கு 10 டாலர் கொடுக்கிறவர் எத்தனை பேர்? கையில் எண்ணலாம். அதனால் தமிழ் மட்டும் என்று செய்தால் தொழிலாக நிற்காது. ஆனால் தமிழர் கதையைச் செய்து, ஆங்கிலத்திலும் மற்ற மொழிகளிலும் விற்று, தமிழையும் ஒரு மொழியாக வைத்தால் நிற்கும். 2023-இல் வந்த வெண்பா அப்படிப்பட்டதுதான். டொரோண்டோவின் விசை கேம்ஸ் செய்தது. 1980களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன சமையல் குறிப்புப் புத்தகம், முதல் ஆட்டமே இட்லி. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டாவில் சிறந்த முதல் கேம் விருது வாங்கியது. முழுக்க விளையாடி முடிக்க ஒன்றரை மணி நேரம் போதும்.

நான் அதை விளையாடி முடித்த ராத்திரி தூங்கவில்லை. பாதி சந்தோஷம், பாதி எரிச்சல். ரப்பர் தோட்டத்து லயம், தைப்பூசத்துக்கு பத்துமலை ரயில், பினாங்கு தண்ணீர்மலை, பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை என்று நம்மிடம் இவ்வளவு கிடக்க, நாங்கள் யாரோ ஒரு வைக்கிங்குக்குப் பீப்பாய் செய்துகொண்டிருந்தோம்.

இன்னொரு நடைமுறை விஷயம்: ஸ்டீமில் 2 மணி நேரத்துக்குள் விளையாடி 14 நாளுக்குள் கேட்டால் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஒன்றரை மணி நேரக் கேமை ஒருவர் முழுக்க முடித்துவிட்டுக்கூடத் திருப்பலாம். அதற்குப் பயந்து கதையை ரப்பர் மாதிரி இழுக்காதீர்கள், திருப்புகிறவர்கள் குறைவுதான் என்பது எங்கள் அனுபவம்.

சாமி கதைகளை வைத்துச் சண்டைக் கேம் செய்யலாமா? முருகனும் சூரனும் சூப்பராக வரும் அண்ணே!

வரும் தம்பி, ஆனால் 2017 செப்டம்பரைக் கொஞ்சம் நினைத்துப் பார். பல மதத்து தெய்வங்களும் மதத் தலைவர்களும் ஒருவரோடு ஒருவர் மோதுகிற ஃபைட் ஆஃப் காட்ஸ் என்ற கேம் வந்தது. மலேசியாவில் அதைத் தடுக்கச் சொன்னார்கள், ஒரு கேமுக்காக முழு ஸ்டீமுமே இங்கே ஒரு நாள் திறக்கவில்லை. அன்றைக்கு நான் வேலைக்குப் பயன்படுத்தும் மென்பொருளும் ஸ்டீமில்தான் இருந்தது. நாள் முழுக்க மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம்.

சொந்த மதத்துக் கதையை மரியாதையோடு சொல்வது வேறு, சாமிகளை மோத விட்டுப் புள்ளி எண்ணுவது வேறு. கோயில் காவடிக்காரன் கதை, கரகக்காரன் கதை, முனியாண்டி சாமி பற்றிய தோட்டத்துப் பேய்க்கதை, இதையெல்லாம் யாரும் தொடவே இல்லை. அங்கே போ.

பினாங்கிலேயே இருந்து செய்யலாமா, கோலாலம்பூர் வந்தே ஆக வேண்டுமா?

முதல் வேலைக்கு கோலாலம்பூர் வந்துவிடுங்கள், நிறுவனங்கள் பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன. பக்கத்தில் நன்றாகச் செய்கிறவன் ஒருவன் உட்கார்ந்திருந்தால் ஆறு மாதத்தில் கற்பது, வீட்டில் யூடியூப் பார்த்து மூன்று வருடத்தில் வராது. சொந்தமாகத் தொடங்கிய பிறகு ஊருக்குத் திரும்பலாம். எங்கள் நால்வரில் ஒருவன் புக்கிட் மெர்தாஜாமிலிருந்துதான் வேலை செய்கிறான், அவன் வாடகை என் வாடகையில் பாதிகூட இல்லை, மத்தியானச் சாப்பாட்டுப் படம் வேறு அனுப்பி வெறுப்பேற்றுவான்.

ஏ.ஐ. வந்துவிட்டது, இனி இந்த வேலை இருக்குமா?

பீப்பாய் வேலை குறையும். குறைந்துகொண்டிருக்கிறது. அதற்கு ஏ.ஐ. மட்டும் காரணம் இல்லை. 2023, 2024-இல் உலகம் முழுக்க கேம் நிறுவனங்கள் ஆட்களை அனுப்பின, அங்கே ஒரு கேமை நிறுத்தினால் இங்கே ஒரு மேசை காலியாகும். எனக்குத் தெரிந்து நல்ல ஓவியர்கள் இரண்டு பேர் இப்போது வீடு விற்கும் ஏஜெண்டுகள். அடுத்தவர் ஆர்டரை மட்டும் நம்பியிருக்கிற தொழிலுக்கு இதுதான் ஆபத்து, அம்மா ஃபேக்டரியிலும் 1998-இல் ஷிஃப்ட்டைக் குறைத்தார்கள்.

என் மகன் நாள் முழுக்க மொபைல் லெஜண்ட்ஸ் விளையாடுகிறான். கேம் துறைக்கு அனுப்பலாமா?

விளையாடுவது வேறு, செய்வது வேறு. தோசை நன்றாகச் சாப்பிடுகிறான் என்பதற்காக யாரையும் கடையில் மாஸ்டராகப் போடுவதில்லை. அவன் விளையாடும்போது "இந்த ஆளுக்கு ஏன் இவ்வளவு பலம் வைத்தார்கள், இந்த இடத்தில் ஏன் ஒரு செகண்ட் தாமதம்" என்று கேட்கிறானா, காகிதத்தில் சொந்தமாக ஏதாவது விதி எழுதி தங்கச்சியை விளையாட வைக்கிறானா என்று பாருங்கள். அப்படியென்றால் என்னிடம் அனுப்புங்கள். இல்லையென்றால் போனை வாங்கி வைத்துவிட்டு எஸ்.பி.எம். பரீட்சைக்குப் படிக்கச் சொல்லுங்கள்.

முதல் கேமை எப்படித் தொடங்குவது?

ஒவ்வொரு ஜனவரி கடைசியிலும் குளோபல் கேம் ஜாம் நடக்கும், 2009-இலிருந்து நடக்கிறது. ஒரு தலைப்புக் கொடுப்பார்கள், 48 மணி நேரத்தில் கேம் ஒன்று ஓட வேண்டும். போங்கள். யாரையும் தெரியாது என்றாலும் போங்கள், அங்கே குழு சேர்ந்துவிடும். சனிக்கிழமை ராத்திரி மூன்று மணிக்கு நினைத்ததில் முக்கால்வாசியை வெட்டி எறிய வேண்டி வரும். எதை வெட்டுவது என்று அப்போது கற்பதைக் கல்லூரியில் சொல்லித்தர முடியாது.

நான் முதன்முதலில் அப்படிச் செய்தது ரொட்டி சானாய் வீசுகிற கேம். மாவைச் சுழற்றிச் சுழற்றி வீச வேண்டும், மேலே மின்விசிறியில் பட்டால் ஆட்டம் முடிந்தது. அதை நெட்டில் போட்டோம். முதல் மாதம் பதினொரு பேர் விளையாடினார்கள், அதில் மூன்று பேர் என் சித்தி பிள்ளைகள்.